ஊசி டப்பாவில் எலும்பு

சின்னவளுக்குக் கத்தரிக்கோலே வேண்டாம் என்று கடையில் கேலி செய்வார்கள். தைத்து முடித்ததும் நூலைப் பல்லால்தான் கடிப்பாள். மேல் வரிசை முன்பல், வலப்பக்கத்தது. இருபத்திரண்டு வருஷமாக அதே பல், அதே கடி. அந்தப் பல் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டதே பெரிய காரியம். ஒரு நாள் கித்தான் பை தைத்த தடித்த நூலை வழக்கம்போல வாயில் வைத்து இழுத்தாள். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. நூல் அறவில்லை, பல் விட்டுவிட்டது.

அதற்குப் பிறகும் இரண்டு வாரம் அவள் டாக்டரிடம் போகவில்லை. சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஈறு வீங்கி மூக்கு நுனி வரை விண்விண் என்று தெறித்த பிறகுதான் போனாள். பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். படம் எடுத்துத் திரையில் காட்டினாள். விரிசல் பல்லின் தலையில் தொடங்கி வேர் வரை நேர்கோடாக இறங்கியிருந்தது. காப்பாற்ற வழியில்லை, எடுத்தே ஆக வேண்டும் என்றாள்.

சின்னவள் பயந்துபோனாள். பல் போவதற்காக இல்லை. அவள் கண் முன்னால் வந்து நின்றது அக்காவின் முகம்.

கடையை நடத்துவது அக்கா தங்கை இரண்டு பேர்தான். மாடிப்படி ஏறி வந்தால் ஒரே நீள அறை, இரண்டு தையல் மிஷின், நடுவில் வெட்டு மேஜை, மூலையில் திரை போட்ட ட்ரையல் ரூம். வாடிக்கைக்காரர்களுக்கு அக்கா பெரியவள், தங்கை சின்னவள். சொந்தப் பெயர்கள் யாருக்கும் நினைவில் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே மாடிப்படியில் துணிக்கட்டோடு சறுக்கி விழுந்து பெரியவளின் மேல் முன்பற்கள் இரண்டும் போயின. போனது பல்லோடு நிற்கவில்லை. பல்லைப் பிடித்திருந்த எலும்புக்கு அப்புறம் வேலை இல்லை. வேலையில்லாததை உடம்பு வைத்துக்கொள்ளாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். ஒரு வருஷத்தில் பெரியவளின் மேலுதடு உள்ளே போய்விட்டது. கட்டிய பல்செட்டுக்குப் பிடிமானம் கிடையாது, பேசும்போது வழுக்கும், தும்மினால் கையில் வந்துவிடும். அதனால் அவள் சிரித்தாலும் பேசினாலும் வாய்க்கு முன்னால் கை வந்து நிற்கும். கடைத்தெருவையே சிரிக்க வைத்தவள் அவள். இப்போது அளவு சொல்வதற்குக்கூட நாலு வார்த்தைக்கு மேல் வாயைத் திறப்பதில்லை.

அப்போதே ஏதாவது செய்திருக்கலாமே என்று கேட்டவர்களிடமெல்லாம் அவள் ஒரே பதில்தான் சொல்வாள். அப்போதெல்லாம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பாள்.

சின்னவளுக்கு டாக்டர் சொன்னாள். பல்லை எடுத்த குழியைச் சும்மா விட்டால் எலும்பு ஒடுங்கும், முன்பக்கத்தில் சீக்கிரமாகவே ஒடுங்கும். அதனால் எடுத்த கையோடு குழிக்குள் எலும்புக்குப் பதிலான துகளை நிரப்பி, மேலே மெல்லிய ஒரு தாளால் மூடி, தையல் போட்டுவிடலாம். அந்தத் துகள் சாரம் கட்டின மாதிரி நிற்கும், அதைப் பிடித்துக்கொண்டு சின்னவளின் சொந்த எலும்பு வளரும். நாலு மாதத்தில் எலும்பு நின்றுவிட்டால் அதில் திருகு இறக்கி, கெட்டியான பல் வைக்கலாம். நிற்காவிட்டால் என்ன என்று சின்னவள் கேட்கவில்லை. நிற்காவிட்டால் எப்படி இருக்கும் என்பதை எட்டு வருஷமாக எதிர் மிஷினில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கடைக்கு வந்து எல்லாவற்றையும் ஒப்பித்தாள். பெரியவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தத் தூள் யாரோட எலும்புடி?"

மாட்டு எலும்பைச் சுத்தம் பண்ணி, உயிர்ச்சத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் செய்வதாம், வெறும் சுண்ணாம்புக் கூடு மாதிரிதானாம் என்று சின்னவள் சொன்னாள். பெரியவள் வாயை மூடியபடி தலையாட்டினாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பயந்தவள் வாய் சும்மா இருக்குமா? எது வேணாலும் செஞ்சுக்கிறேன், உன்னை மாதிரி மட்டும் ஆயிடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியவள் சட்டைக் காலரை ஒருமுறைக்கு இரண்டு முறை தேய்த்து மடித்து வைத்தாள்.

பல் எடுத்த அன்று வலி இல்லை. மரத்துப்போகிற ஊசி போட்டிருந்தார்கள். வலி இல்லாததுதான் இன்னும் பயமாக இருந்தது, சத்தம் மட்டும் கேட்டது. மண்டைக்குள் யாரோ பழைய அலமாரிக் கதவை நெம்புகிற மாதிரி ஒரு நறநறப்பு. பிறகு குழியைச் சுரண்டுகிற சத்தம். அப்புறம் சின்னக் கரண்டியால் எதையோ கொண்டுவந்து கொட்டி, அழுத்தி, மறுபடி கொட்டினார்கள். தலையணைக்குப் பஞ்சு அடைக்கிற அதே பக்குவம். கண்ணை மூடியிருந்தாலும் அவளுக்குக் கை வேலை தெரிந்தது. கடைசியில் ஊசி ஈறுக்குள் போய் வந்ததையும் எண்ணினாள். மூன்று தையல்.

டாக்டர் எழுதியும் கொடுத்தாள், சொல்லியும் அனுப்பினாள். காறித் துப்பக்கூடாது, உறிஞ்சிக் குடிக்கக்கூடாது, வேகமாகக் கொப்பளிக்கக்கூடாது, நாக்கால் தடவக்கூடாது. உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்க்கக்கூடாது. பத்தாம் நாள் வந்தால் தையல் பிரிக்கலாம். அதுவரை சின்னவள் துணித் தூசிக்குக் கட்டுகிற முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள். ஆறின பாலும் மசித்த பழமுமாக மூன்று நாள் ஓட்டினாள். அந்த மூன்று நாளும் அவளைப்போல நல்ல நோயாளி ஊரில் இருந்திருக்க மாட்டாள்.

நாலாம் நாள்தான் கை காரியத்தைக் கெடுத்தது.

பள்ளிக்கூடச் சட்டைகள் நாற்பது, அன்று கொடுக்க வேண்டியவை. காலையிலிருந்து அவள் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தையல் முடிந்த இடத்தில் தொங்குகிற நூல் வாலைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, அடியோடு நறுக்க வேண்டும். பட்டனுக்கு ஒரு வால், காலருக்கு இரண்டு, கைக்கு ஒன்று. இழு, நறுக்கு. இதில் மனசுக்கு வேலையே கிடையாது. நாற்பதாவது சட்டையையும் போட்டுவிட்டு, உதட்டில் என்னவோ குத்துகிறதே என்று நூல் கத்தரியோடேயே ட்ரையல் ரூமுக்குள் போனாள். கண்ணாடி முன்னால் கவசத்தை இறக்கி உதட்டைத் தூக்கினாள். ஈறிலிருந்து கறுப்பு நூல் வால் ஒன்று அரை விரல்கடை நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

எந்தத் தையற்காரிக்குக் கை சும்மா இருக்கும்? பிடித்தாள், விறைப்பாக இழுத்தாள், அடியோடு நறுக்கினாள்.

கத்தரி மூடின சத்தத்தில்தான் அவளுக்கு அறிவு வந்தது. கண்ணாடியில் பார்த்தபடியே முடிச்சு அவிழ்ந்தது. நூல் மெதுவாகச் சுருண்டு, ஈறிலிருந்து நழுவி, அவள் விரல் நுனியில் வந்து ஒட்டிக்கொண்டது.

அக்காவைக் கூப்பிட வாயைத் திறக்கவும் பயம், திறந்தால் எல்லாம் கொட்டிவிடுமோ என்று. திரைக்கு அந்தப் பக்கம் பெரியவள் மிஷினை மிதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு தையல் விட்டால் என்ன ஆகும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு முடிச்சு போனால் வரிசையே போகும். தலையணை உறையில் ஒரு கண் விட்டால் பொழுது சாய்வதற்குள் பஞ்சு வெளியே வந்துவிடும். இனி மற்ற இரண்டும் ஓடும், தாள் எழும்பும், துகள் உதிரும், குழி காலியாகும், எலும்பு கரையும், உதடு உள்ளே போகும். கண்ணாடியில் தன் வாய்க்கு முன்னால் கை வந்து நிற்பதை அவள் பார்த்தாள். அவளே கொண்டுபோன கை அது. அதைக் கீழே இறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அக்காவிடம் சொல்லலாம்தான். எந்த முகத்தோடு சொல்வது? உன்னை மாதிரி ஆயிடக்கூடாது என்று சொன்ன வாய் இது. டாக்டரிடம் சொல்லலாம்தான். அவ்வளவு பொறுமையாக எழுதிக் கொடுத்தவளிடம், நானே கத்தரி வைத்து வெட்டினேன் என்று எப்படிச் சொல்வது? பைத்தியக்காரி என்று நினைக்க மாட்டாளா? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினாள். நாளை வந்தது, மறுநாளைக்குத் தள்ளினாள்.

வெட்டிய மறுநாள் காலையில் நாக்கில் என்னவோ நறநறத்தது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். ரவை மாதிரி நாலு துகள், வெள்ளையாக. கொட்ட மனசு வரவில்லை. அது இனிமேல் அவளுடைய எலும்பு அல்லவா? மிஷின் ஊசி வருகிற சின்ன டப்பா ஒன்று காலியாக இருந்தது, அதில் போட்டு மூடினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலையே இல்லை. ஒரு சட்டை தைத்தால் ஒருமுறை ட்ரையல் ரூமுக்குப் போவாள். உதட்டைத் தூக்கிப் பார்ப்பாள். நாக்கால் ஒரு சுற்றுத் தடவுவாள். வாயில் தண்ணீர் ஊற்றி அலசி, கிண்ணத்தில் துப்பி, வெளிச்சத்தில் சாய்த்துத் தேடுவாள். ஏழு துகள். மறுநாள் பதினொன்று. செய்யாதே என்று எழுதிக் கொடுத்த காகிதம் மிஷின் மேலேயே இருக்க, அதில் உள்ள ஒவ்வொன்றையும் செய்துகொண்டிருந்தாள். பயம் அப்படித்தான் செய்ய வைக்கும். சாப்பாடு இறங்கவில்லை. தைத்த கை தப்புத் தப்பாகத் தைத்தது. ஒரு கால்சட்டைக்கு இரண்டு இடது கால் வைத்துவிட்டாள். வேறு சமயமாக இருந்தால் வாரக்கணக்கில் சிரிக்க வேண்டிய விஷயம். பெரியவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானே பிரித்துத் தைத்தாள்.

எட்டாம் நாள் மத்தியானம் பெரியவள் மிஷினில் ஊசி முறிந்தது. புது ஊசி எடுக்க இழுப்பறையைத் துழாவினாள். கைக்கு அகப்பட்ட டப்பாவைத் திறந்து மேஜையில் கவிழ்த்தாள். ஊசி விழவில்லை.

சின்னவள் எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது. பெரியவள் துகளில் ஒன்றை விரல் நுனியில் ஒற்றி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு தங்கையின் முகக்கவசத்தைப் பார்த்தாள்.

"இது உன் வாயில வச்சதா?"

சின்னவளுக்கு அணை உடைந்தது. நாற்பது சட்டை, நூல் வால், கத்தரி, அவிழ்ந்த முடிச்சு என்று எல்லாவற்றையும் அழுதபடி கொட்டினாள். டாக்டரிடம் போக மாட்டேன், அவள் பார்த்துவிட்டு எல்லாம் போச்சு என்று சொல்லிவிடுவாள், அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை என்றாள். பத்தாம் நாள்கூடப் போவதாக இல்லை என்றாள்.

திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். பெரியவள் திட்டவில்லை. மாடிக்கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்தாள். வெட்டு மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, வாய்க்குள் விரலை விட்டு, பல்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். எட்டு வருஷத்தில் தங்கை முன்னால் அவள் அதைக் கழற்றியதே இல்லை. இடிந்த திண்டுபோல உதடு உள்ளே சரிந்தது. ஐம்பது வயசுக்காரி எழுபது ஆனாள். சின்னவளுக்குப் பார்க்கவும் முடியவில்லை, பார்வையை எடுக்கவும் முடியவில்லை.

"யாரும் எதுவும் சொல்லலைன்னு சொல்லிட்டிருந்தேன்ல. பொய்டி." காற்று கலந்து வார்த்தைகள் வழுக்கின. "என்கிட்டயும் அப்ப பார்த்த டாக்டர் கேட்டாங்க. தூள் வச்சு அடைச்சிடலாமான்னு கேட்டாங்க. அது யாரோட எலும்போ, செத்தவங்களோடதோன்னு எனக்கு ஒரே நடுக்கம். என்னன்னு கேக்கக்கூட வாய் வரல. வேணாம்னுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். பயந்துட்டேன்."

அக்காவின் முகத்துக்காக எட்டு வருஷமாகச் சின்னவள் யார் யாரையோ சபித்திருக்கிறாள். அந்தப் பழைய டாக்டரை, மாடிப்படியை, துணிக்கட்டை.

"எல்லாம் போச்சான்னு நீயே சொல்லாத. பாக்கறவ சொல்லட்டும். எந்திரி."

டாக்டர் அறை வரை பெரியவள் தங்கையின் மணிக்கட்டை விடவில்லை. டப்பாவையும் எடுத்து வந்திருந்தாள். சின்னவள் நாற்காலியில் சாய்ந்தாள், விளக்கு முகத்தில் விழுந்தது. டாக்டர் உதட்டைத் தூக்கினாள். வெகு நேரம் பார்த்தாள். கருவியால் லேசாகத் தொட்டாள். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு இன்னொரு முறை குனிந்தாள். யாரும் பேசாத அந்த நேரம் எவ்வளவு என்று கேட்டால் சின்னவள் ஒரு மணி என்பாள், இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

தையல் ஒன்றுதான் போயிருக்கிறது, மற்ற இரண்டும் இருக்கின்றன என்றாள் டாக்டர். சின்னவள் நம்பவில்லை. ஒன்று விட்டால் வரிசையே ஓடாதா என்று கேட்டாள். டாக்டருக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இது உங்க மிஷின் தையல் இல்லங்க. மூணும் தனித்தனி முடிச்சு. ஒண்ணு அவுந்தா இன்னொண்ணுக்குத் தெரியவே தெரியாது."

சின்னவளுக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் டாக்டர் மிச்சத்தையும் சொன்னாள். ஓரத்தில் ஒன்றிரண்டு துகள் உதிர்வது எல்லாருக்கும் நடப்பதுதான், டப்பாவில் இத்தனை சேர்ந்ததற்குக் காரணம் வெட்டிய தையல் அல்ல. தூக்கித் தூக்கிப் பார்த்ததும், நாக்கால் தடவியதும், அலசி அலசித் துப்பியதும்தான். தாளின் ஓரம் விலகியிருக்கிறது. வெட்டிய அன்றைக்கே வந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. எலும்பு நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாது. நாலு மாதம் போனால்தான் தெரியும்.

ஓரத்தைச் சுத்தம் செய்து புதிதாக ஒரு தையல் போட்டாள். வாலை ஒட்ட நறுக்கினாள்.

அந்த நாலு மாதத்தை என்னவென்று சொல்வது. பயம் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி கூடவே சாப்பிட்டது, கூடவே தூங்கியது. ஆனால் சின்னவள் உதட்டைத் தூக்கவில்லை. கை கண்ணாடிப் பக்கம் போகும்போதெல்லாம் பெரியவள் மேஜையில் அளவு நாடாவால் ஒரு தட்டுத் தட்டுவாள். ட்ரையல் ரூம் கண்ணாடிமேல் ஒரு பழைய துணியையும் தொங்கவிட்டாள். உடுத்திப் பார்க்க வருகிறவர்கள் முகம் சுளித்தார்கள். கண்ணாடிக்கு உடம்பு சரியில்லை என்றாள் பெரியவள், முகத்தில் சிரிப்பு இல்லாமல். சட்டை மாட்டிக்கொண்டே ஒரு வாடிக்கைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். சின்னவள் எத்தனையோ நாளைக்கு அப்புறம் அக்காவின் கேலியைக் கேட்டாள்.

நாலு மாதம் முடிந்த அன்று படம் எடுத்தார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு மேடு தெரிந்தது. டாக்டர் கோடு போட்டு அளந்தாள். வெளிப்பக்கம், தாள் விலகிய இடத்தில், மேடு கொஞ்சம் தேய்ந்திருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. ஆனால் மீதி நின்றுவிட்டது, திருகு இறக்க அது போதும் என்றாள். சின்னவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேய்ந்த அந்த ஓரத்தைத்தான் அவள் கண் தேடித் தேடிப் போயிற்று. தான் ஒளித்து வைத்த நாலு நாளின் அளவு அது.

கிளம்பலாம் என்று எழுந்தபோது பெரியவள் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த பையைப் பிசைந்துகொண்டிருந்தாள். எனக்கு இனிமேல் ஏதாவது முடியுமா என்று கேட்டாள், வாய்க்கு முன்னால் கையை வைத்தபடி.

டாக்டர் அவளையும் நாற்காலியில் சாய்த்துப் பார்த்தாள், படம் எடுத்தாள். உள்ளதை உள்ளபடி சொன்னாள். எட்டு வருஷத்தில் மேடு கத்தி விளிம்பாகிவிட்டது. முதலில் பக்கவாட்டில் எலும்பைக் கூட்ட வேண்டும், அது தங்கைக்குச் செய்ததைவிடப் பெரிய வேலை, வருஷம் ஒன்றாகலாம், நிற்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

சின்னவள் பக்கத்தில் போய் நின்று அக்காவின் கையைப் பிடித்தாள். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை சில்லென்று இருந்தது. எழுந்து ஓடிவிடப் போகிறாள் என்றுதான் சின்னவள் நினைத்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓடி வந்தது இதே மாதிரி ஒரு நாற்காலியிலிருந்துதான்.

பெரியவள் ஓடவில்லை. தொண்டையைச் செருமினாள். இன்னொரு கை வாய்க்கு முன்னால் போய் நின்றது.

"அது யாரோட எலும்பு டாக்டர்?"

டாக்டர் சொல்லத் தொடங்கினாள். என்னென்ன வகை உண்டு, எது எதிலிருந்து வருகிறது, எப்படிச் சுத்தம் செய்கிறார்கள், பெரியவளுக்கு எது சரிப்படும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெரியவள் கடைசி வரை கேட்டாள். நடுவில் இரண்டு இடத்தில் புரியவில்லை என்று நிறுத்தி மறுபடி கேட்டாள். தங்கையின் விரல்கள் வலிக்கிற அளவுக்கு அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கேட்டு முடித்ததும் சரி என்றாள். வாய்க்கு முன்னால் இருந்த கையை எடுத்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள்.